கப்பலுக்கு முகம் கொடுத்தவங்க: ஜப்பான் கடற்போர் மரக்கட்டை பிரிண்ட் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஜப்பான் பிரிண்ட் மேல எனக்கு கொஞ்சம் பைத்தியம்னு தெரிஞ்சவங்க எல்லாம் மாத்தி மாத்தி ஒரே கேள்விய கேக்குறாங்க, அதுலயும் அந்த போர்க்கப்பல் படங்கள பாத்துட்டா "இது ஜப்பான் படமா, நம்பவே முடியலையே"ன்னு தான் ஆரம்பிக்கும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ண முடியல, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன்.

முதல்ல, எந்தப் படங்கள பத்தி பேசுறோம்?

1894 ஜூலைல இருந்து 1895 ஏப்ரல் வரைக்கும் ஜப்பானும் சீனாவும் கொரியாவுக்காக அடிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் 1904-05-ல ஜப்பானும் ரஷ்யாவும். இந்த ரெண்டு போரும் நடக்கும்போதே டோக்கியோ கடைகள்ல சுடச்சுட வித்த கலர் மரக்கட்டை அச்சுப் படங்கள் தான் இது. ஜப்பான்ல இதுக்கு சென்சோ-எ னு பேரு, போர்ப் படம்னு அர்த்தம், அவ்வளவுதான். சீனா போர் நடந்த அந்த ஒம்பது பத்து மாசத்துல மட்டும் சுமார் 3,000 விதமான படம் வந்திருக்கும்னு ஒரு கணக்கு சொல்றாங்க. அப்படின்னா ஒரு நாளைக்கு பத்து புதுப் படம்! தரைப்படை படங்களும் நெறைய இருக்கு, ஆனா எனக்கு புடிச்சது கடல் சண்ட படங்கள் தான், அத பத்தி மட்டும் தான் இங்க எழுதுறேன்.

உகியோ-எ, அதாவது ஜப்பானோட பழைய மரக்கட்டை பிரிண்ட்னாலே கிமோனோ பொண்ணுங்க, ஃபூஜி மலை, அந்த பெரிய அலை தானே? இதுல போர் எங்கருந்து வந்துச்சு?

போர் எப்பவுமே இருந்துச்சு, ஆனா பழைய போர். எடோ காலத்துல, அதாவது தொகுகாவா ஷோகன்ங்கிற ராணுவ ஆட்சியாளர்கள் காலத்துல, நடப்பு அரசியல படமா போடக்கூடாதுன்னு கெடுபிடி. ஆளுற குடும்பத்த பத்தி மூச்சு விடக்கூடாது. அதனால ஓவியர்கள் பல நூறு வருஷம் பின்னாடி போயிடுவாங்க. 1185-ல தன்-நோ-உரா ன்னு ஒரு கடற்போர், தைரா குலம் மொத்தமா கடல்ல மூழ்கி அழிஞ்சுச்சு. குனியோஷி ங்கிற எடோ கால ஓவியர் இந்த கதைய வச்சு போட்ட ஒரு மூணு தாள் படம் இருக்கு, செத்துப்போன தைரா வீரர்கள் பேயா அலைக்குள்ள இருந்து கருகருன்னு எழும்பி, அவங்கள ஜெயிச்ச தளபதி யோஷிட்சுனே போற கப்பல சூழ்ந்துக்குவாங்க. ராத்திரில பாக்காதீங்க.

இத எதுக்கு சொல்றேன்னா, 1894-ல ஓவியர்கள் இரும்புக் கப்பல வரைய உக்காந்தப்போ அவங்க கையில கடல் வரையிற பழக்கம் ஏற்கனவே ஊறிப்போய் இருந்துச்சு. அலை நுரை, காத்து, கப்பல் சாயுற சாய்வு எல்லாம் தாத்தா காலத்து சொத்து. கப்பல் மட்டும் தான் புதுசு.

வரைஞ்சவங்க போர நேர்ல பாத்தாங்களா?

பெரும்பாலும் இல்ல. குபோதா பெய்சென் மாதிரி ஒரு சிலர் பத்திரிகைக்காக போர்முனைக்கு போனாங்க. மத்தவங்க டோக்கியோல வீட்ல உக்காந்து, காலைல பேப்பர்ல தந்தி செய்தி படிச்சிட்டு, சாயந்தரத்துக்குள்ள ஸ்கெட்ச் போட்டு பதிப்பாளர்கிட்ட குடுத்துட்டாங்க. கப்பல் எப்படி இருக்கும்னு தெரிய போட்டோ, பத்திரிகை படங்கள் உதவிச்சு. மத்ததெல்லாம் கற்பனை.

இத கேட்ட உடனே "அப்ப எல்லாம் ஃபேக்கா"ன்னு ஒரு கேள்வி வரும். அவசரப்படாதீங்க, கீழ வரும்.

செய்தி வந்த சில நாள்லயே கலர் படம் கடைக்கு எப்படி வந்துச்சு? கையால தானே செஞ்சாங்க?

கையால தான், ஆனா ஒரு ஆள் கை இல்ல. இங்க தான் எல்லாரும் தப்பா நினைக்கிறாங்க, ஓவியரே மரத்த செதுக்கி அவரே அச்சடிச்சார்னு. கிடையாது. பதிப்பாளர் தான் முதலாளி, பணம் போடுறவர், எந்த விஷயம் ஓடும்னு முடிவு பண்றவர். மட்சுகி ஹெய்கிச்சி, அகியாமா புயேமோன் மாதிரி பேருங்கள படத்து ஓரத்துல பாக்கலாம், அவங்க எல்லாம் பதிப்பாளர்கள். ஓவியர் மெல்லிசு தாள்ல கறுப்புக் கோட்டுல வரைஞ்சு குடுப்பார். செதுக்குறவர் அந்த தாள மலைச்செர்ரி மரப் பலகை மேல கவுத்து ஒட்டி, கோட்ட மட்டும் விட்டுட்டு மிச்சத்த எல்லாம் தோண்டி எடுப்பார். ஓவியரோட ஒரிஜினல் வரைபடம் அதோட காலி, அது பலகையோட பலகையா போயிடும். அப்புறம் கலருக்கு ஒரு பலகைன்னு தனித்தனியா செதுக்கணும்.

அச்சடிக்கிறவர் பலகைல சாயத்த பூசி, ஈரத் தாள வச்சு, பாரென் னு மூங்கில் மட்டை சுத்தின ஒரு வட்டத் தட்டால பின்பக்கம் தேய்ப்பார். பிரஸ் மெஷினே கிடையாது. ஒவ்வொரு கலரும் விலகாம உக்கார பலகை ஓரத்துல கென்தோ ன்னு ஒரு சின்ன வெட்டு இருக்கும், தாளோட மூலைய அதுல சரியா பொருத்தணும். ஒரு மயிரிழை தப்பினா மாலுமி மூக்கு கன்னத்துல போயிடும்.

ஒரு தாள் ஏறக்குறைய 37 செ.மீ உயரம், 25 செ.மீ அகலம். போர்ப் படம்னா பெரும்பாலும் இப்படி மூணு தாள பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே காட்சியா பாக்கணும். வலது பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும், ஜப்பான் எழுத்து அப்படித்தானே ஓடுது. மூணு தாளுக்கும் ஒரே நேரத்துல ஆள் போட்டு வேலை பிரிச்சு குடுத்துட்டா சீக்கிரம் முடிஞ்சிடும். நூறு வருஷத்துக்கு மேல பழகின பட்டறை சிஸ்டம், அதான் ஸ்பீடு.

கடற்போர் வரையிறதுல என்ன பெரிய கஷ்டம்? கப்பல், புகை, நெருப்பு, முடிஞ்சுதே?

முடியாது, அது தான் மேட்டரே. யோசிச்சு பாருங்க, பழைய கதைல யோஷிட்சுனே ஒரு படகுல இருந்து இன்னொரு படகுக்கு எகிறி குதிப்பான், முகம் தெரியும், கவசம் தெரியும், ஹீரோ யாருன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். 1894-ல ரெண்டு இரும்புக் கப்பல் ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளி நின்னு குண்டு போடுது. யாரும் யார் முகத்தையும் பாக்கல. மனுஷன் கப்பலுக்குள்ள கரி அள்ளிப் போட்டுட்டு இருக்கான், குண்டு தூக்கிட்டு இருக்கான். வெளிய இருந்து பாத்தா ஒரு கருப்பு இரும்பு, அதுக்கு மேல புகை. இதுல "நம்ம நாடு, நம்ம வீரன்"ங்கிற உணர்ச்சிய எங்க கொண்டு போய் ஒட்டுறது?

ஒவ்வொரு ஓவியரும் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஒரு ரகம், கப்பல் தளத்துக்குள்ளயே நம்மள கொண்டு போய் நிறுத்துறது. அதிகாரிங்க வாள், பைனாகுலரோட முன்னாடி பெருசா நிப்பாங்க, எதிரிக் கப்பல் தூரத்துல பொம்மை மாதிரி எரியும். மிசுனோ தொஷிகாதா, மிகிதா தொஷிஹிதே இவங்க எல்லாம் அதுல கில்லாடி. இன்னொரு ரகம், ஆளே வேணாம், கடலும் வெளிச்சமும் மட்டும். கியோச்சிகா இதுல தனி ஆளு, அவர பத்தி கீழ தனியா ஒரு கேள்வி இருக்கு.

அவரோட ஒண்ண மட்டும் இங்கயே சொல்லிடுறேன், 1894 மஞ்சள் கடல் சண்டைக்கு அவர் போட்டது. மேல ஒரு கீத்துல தான் கடல் மட்டம், தூரத்துல கப்பலுங்க. படத்துல பெரும்பகுதி தண்ணிக்கு அடியில! மூழ்குற சீனக் கப்பலும் அதோட சேந்து கீழ போற மனுஷங்களும். மொத தடவ பாத்தப்போ ஜெயிச்ச சந்தோஷத்துல போட்ட படமா இதுன்னு சந்தேகமா இருந்துச்சு, சத்தமே இல்லாத படம், மீன் பாக்குற மாதிரி பாக்குறோம். கண்ணால யாருமே பாக்காத, பாக்கவே முடியாத ஒரு கோணம். நேர்ல போயிருந்தா இத வரைஞ்சிருக்கவே மாட்டார்.

சாகப்போற மாலுமி ஒருத்தன் கேள்வி கேக்குற படம் இருக்குல்ல, அது என்ன கதை?

1894 செப்டம்பர் 17, மஞ்சள் கடல் போர். ஜப்பான் தலைமைக் கப்பல் மட்சுஷிமா. சீனாவோட ஜென்யுவான் கப்பல்ல இருந்து வந்த 30 செ.மீ குண்டு ஒண்ணு மட்சுஷிமாவுல விழுந்து, அங்க குவிச்சு வச்சிருந்த வெடிமருந்தும் சேந்து வெடிச்சு, கிட்டத்தட்ட நூறு பேர் செத்தோ காயப்பட்டோ போனாங்க. அட்மிரல் இத்தோ சுகேயுகி தன் கொடிய ஹஷிதாதே ங்கிற வேற கப்பலுக்கு மாத்த வேண்டியதாயிடுச்சு.

அந்த குண்டுல அடிபட்டவன் தான் மியுரா தொராஜிரோ, மூணாம் நிலை மாலுமி, ஒரு சாதாரண பையன். உயிர் போற நேரத்துல பக்கத்துல வந்த அதிகாரிய பாத்து "டிங்யுவான் இன்னும் மூழ்கலையா?"ன்னு கேட்டானாம். "கவலப்படாத, அதால இனிமே சண்ட போட முடியாது"ன்னு அவர் சொன்னதும் கண்ண மூடிட்டானாம். பேப்பர்ல வந்துச்சு, கியோச்சிகா அடுத்த மாசமே படமா போட்டார், அடுத்த வருஷம் இது பாட்டாவும் ஆயிடுச்சு, ஸ்கூல் பசங்க பாடினாங்க.

இதுல என்ன புதுசுன்னா அவன் சாமுராய் இல்ல. நூறு வருஷம் முன்னாடி இருந்திருந்தா அந்த பையன் பேர யாரும் படத்துல போட்டிருக்க மாட்டாங்க. போர்னா வாள் வச்சிருந்த சாதிக்கு மட்டும் உரிய வேலைன்னு இருந்த ஊர்ல, கட்டாய ராணுவ சேவை 1873-ல தான் வந்துச்சு. இருபது வருஷத்துல ஒரு கடைநிலை மாலுமி நாட்டுக்கே முகமாயிட்டான். கப்பலுக்கு முகம் இல்லன்னு சொன்னேன்ல, இப்படித்தான் முகம் கொடுத்தாங்க.

அவன் ஏன் குறிப்பா டிங்யுவான் பத்தி கேட்டான்?

ஏன்னா அந்த பேர் ஜப்பான்ல எட்டு வருஷமா எல்லார் தொண்டைலயும் முள்ளா நின்ன பேர். டிங்யுவானும் ஜென்யுவானும் சீனா ஜெர்மனில கட்டி வாங்கின ரெட்டை இரும்புக் கப்பல், ஒவ்வொண்ணும் 7,000 டன்னுக்கு மேல, நாலு நாலு 30 செ.மீ பீரங்கி. அப்போ ஜப்பான்கிட்ட அந்த சைஸ்ல எதுவுமே கிடையாது. 1886-ல சீனக் கப்பல் படை நாகசாகிக்கு வந்து நின்னப்போ, இறங்கின மாலுமிங்களுக்கும் உள்ளூர் போலீஸுக்கும் அடிதடி ஆகி ரெண்டு பக்கமும் சாவு விழுந்துச்சு. துறைமுகத்துல நிக்கிற அந்த இரும்பு மலைய பாத்துக்கிட்டே ஜப்பான் பல்ல கடிச்சிட்டு இருந்துச்சு. 1893-ல மெய்ஜி பேரரசரே அரண்மனை செலவுல இருந்து வருஷத்துக்கு 3 லட்சம் யென் வீதம் ஆறு வருஷத்துக்கு கப்பல் கட்ட தரேன்னு அறிவிச்சு, அதிகாரிங்க சம்பளத்துலயும் பத்துல ஒரு பங்கு புடிச்சாங்க. சம்பளத்துல கை வச்சா எந்த ஊர்லயும் அந்த கப்பல் பேர் மறக்காது.

இதுல ஒரு வேடிக்கை, அன்னைக்கு டிங்யுவான் மூழ்கவே இல்ல. நூத்துக்கணக்குல அடி வாங்கியும் ரெண்டு கப்பலும் தப்பிச்சு போச்சு. அடுத்த பிப்ரவரில சீனாவோட வெய்ஹைவெய் துறைமுகத்துல ராத்திரியோட ராத்திரியா டார்பீடோ படகு புகுந்து அடிச்சப்போ தான் டிங்யுவான் கதை முடிஞ்சுது. அதோட சில மரத்தையும் இரும்புத் தகடையும் எடுத்துட்டு வந்து ஃபுகுவோகா பக்கத்துல தசைஃபு ல ஒரு வீடு கட்டினாங்க, குண்டு துளைச்ச ஓட்டையோட இருக்கிற தகடு அங்க வாசல் கதவா நிக்குது. ஜென்யுவான் பிடிபட்டு பேர் மாறி ஜப்பான் படைலயே சேந்து, பத்து வருஷம் கழிச்சு ரஷ்யாவுக்கு எதிரா சண்டைக்கும் போச்சு.

ஜப்பான் கப்பல்களும் வெளிநாட்டுல கட்டினது தானே? அப்புறம் எப்படி தேசப்பெருமை?

நல்ல கேள்வி. யோஷினோ, நனிவா, தகாச்சிஹோ மூணும் இங்கிலாந்து சரக்கு. மட்சுஷிமாவும் இட்சுகுஷிமாவும் பிரான்ஸ்ல கட்டினது. ஹஷிதாதே மட்டும் யோகோசுகால கட்டினது, அதுக்கும் டிசைன் பிரான்ஸ்காரர் தான்.

ஆனா பேர பாருங்க. மட்சுஷிமா, இட்சுகுஷிமா, ஹஷிதாதே. ஜப்பான்ல நாட்டோட மூணு அழகான காட்சின்னு பரம்பரையா சொல்ற மூணு இடம் இருக்கு: பைன் மரத் தீவுகள் நிறைஞ்ச மட்சுஷிமா, தண்ணிக்குள்ள தோரி ங்கிற சிவப்பு கோயில் வாசல் நிக்கிற இட்சுகுஷிமா, வானத்துப் பாலம்னு சொல்ற அமா-நோ-ஹஷிதாதே மணல் திட்டு. இந்த மூணையும் பழைய ஓவியர் ஹிரோஷிகே காலத்துல இருந்தே மரக்கட்டை பிரிண்ட்ல போட்டு போட்டு ஜனங்க மனசுல பதிஞ்சு போச்சு. அதே பேர பிரெஞ்சு இரும்புக்கு வச்சாங்க! இப்ப அதே பிரிண்ட் பட்டறைல அதே ஊதா நீலத்துல அந்த பேர்ல போர்க்கப்பல் வருது. பேர் வச்சவங்க இத எவ்ளோ யோசிச்சாங்களோ தெரியாது, ஆனா எனக்கு இது மொத தடவ புரிஞ்சப்போ புல்லரிச்சுது.

(இந்த மூணு கப்பல்லயும் டிங்யுவான உடைக்கன்னே 32 செ.மீ பீரங்கி ஒவ்வொண்ணு வச்சாங்க. சண்டைல மூணும் சேத்து பதினஞ்சு தடவ கூட சுடல. படத்துல அதெல்லாம் பேசாம அதையே தான் பெருசா காட்டுவாங்க.)

கொடி இன்னொண்ணு. பதினாறு கதிர் விடுற சூரியன் போட்ட கடற்படைக் கொடி 1889-ல தான் வந்துச்சு, போர் ஆரம்பிக்கும்போது அதுக்கு அஞ்சு வயசு. படத்துல எவ்ளோ புகை இருந்தாலும் அந்த சிவப்பு மட்டும் மறையவே மறையாது, கவனிச்சு பாருங்க.

பருந்து கதை ஒண்ணு கேள்விப்பட்டேன், உண்மையா?

மஞ்சள் கடல் சண்டை முடிஞ்ச பிறகு தகாச்சிஹோ கப்பல் கொடிமரத்துல ஒரு பருந்து வந்து உக்காந்துச்சு, மாலுமிங்க புடிச்சு பேரரசருக்கே அனுப்பி வச்சாங்க. இது நடந்த சம்பவம். களைச்சுப்போன பறவை கடல் நடுவுல கப்பல்ல உக்காருறது பெரிய அதிசயம் இல்ல. ஆனா தகாச்சிஹோ ங்கிறது சூரிய தேவதையோட பேரன் வானத்துல இருந்து இறங்கினதா புராணம் சொல்ற மலையோட பேர். முதல் பேரரசர் ஜிம்மு வில்லு மேல தங்கப் பருந்து வந்து உக்காந்து எதிரி கண்ண கூச வச்சுதுன்னு இன்னொரு புராணம், அந்த பருந்து பேர்ல 1890-ல தான் ராணுவ விருது வேற ஆரம்பிச்சிருந்தாங்க. அப்புறம் விடுவாங்களா?

சீனாக்காரங்கள ஏன் இவ்ளோ கேவலமா வரைஞ்சிருக்காங்க?

இத மழுப்ப முடியாது. படத்துல ஜப்பான்காரன் உயரமா, நேரா, மீசையோட, ஐரோப்பிய யூனிஃபார்ம்ல, கிட்டத்தட்ட வெள்ளைக்கார ஜாடைல நிப்பான். சீன வீரன் ஜடையோட, கலர் கலர் பழைய உடுப்புல, வாய் பொளந்துட்டு, சிதறி ஓடிட்டு, குப்புற விழுந்துட்டு இருப்பான். ஜப்பான் தன்ன "நவீன நாடு"ன்னு காட்ட பக்கத்து வீட்டுக்காரன "பழைய நாடு"ன்னு காட்ட வேண்டியிருந்துச்சு, அது தான் இதுல கணக்கு. ஆயிரம் வருஷமா எழுத்து, கவிதை, ஓவியம் எல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்டாங்களோ அவங்கள தான் இப்படி! கியோச்சிகாவே சீன வீரர்கள நக்கல் பண்ணி ஒரு முழு கார்ட்டூன் வரிசை போட்டார், நூறு போர் நூறு சிரிப்புங்கிற மாதிரி தலைப்பு. தண்ணிக்கு அடியில அந்த மௌனமான படம் போட்ட அதே கை. எனக்கு இன்னும் ஜீரணிக்க முடியல.

அதிகாரிங்க விஷயத்துல மட்டும் தொனி மாறும். வெய்ஹைவெய் விழுந்த பிறகு சீன அட்மிரல் டிங் ருச்சாங் 1895 பிப்ரவரி 12-ல தற்கொலை பண்ணிக்கிட்டார். அத தொஷிகாதா போட்ட படத்துல கேலி துளி கூட இல்ல. தோத்தாலும் மானத்தோட செத்தவர்னு ஒரு சாமுராய்க்கு குடுக்கிற மரியாதை. சாதாரண சிப்பாய்க்கு அந்த மரியாதை இல்ல.

வராத படங்களையும் கணக்குல எடுக்கணும். 1894 நவம்பர்ல சீனாவோட போர்ட் ஆர்தர் துறைமுக ஊர புடிச்சப்போ ஜப்பான் படை பொதுமக்கள கொன்னு குவிச்சுது, வெளிநாட்டு நிருபர்கள் எழுதி உலகம் பூரா நாறுச்சு. பிரிண்ட் கடைல அந்த ஊர புடிச்ச வீரம் மட்டும் தான் தொங்குச்சு.

அப்ப இது எல்லாம் அரசாங்க பிரச்சாரமா?

ஆமாவும் இல்லவும். தணிக்கை இருந்துச்சு, ராணுவ விஷயத்த இஷ்டத்துக்கு போட முடியாது. ஆனா யாரும் பதிப்பாளர் கழுத்துல கத்தி வச்சு போடச் சொல்லல. சனம் வாங்குச்சு, அதனால போட்டாங்க. போட்டோவும் லித்தோகிராஃபும் வந்து படுத்துப்போய் கிடந்த தொழில் அது, இந்த போர் அவங்களுக்கு தீபாவளி. பின்னாடி பெரிய எழுத்தாளரான தனிசாகி ஜுனிச்சிரோவுக்கு அப்போ எட்டு வயசு, அவங்க ஏரியா பிரிண்ட் கடைல தொங்கின போர்ப் படம் ஒவ்வொண்ணையும் ஏக்கத்தோட பாத்துட்டு நிப்பேன், வாங்கித் தர மாட்டாங்கன்னு பின்னாடி நினைவு கூர்ந்திருக்கார். அந்த வயசு பசங்க மூக்க ஒட்டிக்கிட்டு நின்ன கடை ஜன்னல் தான் அன்னைக்கு டிவி.

உண்மை பொய் விஷயத்துக்கு வரேன். தேதி, கப்பல் பேர், எந்த கப்பல் எந்த பக்கம்ங்கிறது பெரும்பாலும் பேப்பர்ல வந்தபடி இருக்கும். முகபாவம், நெருக்கம், கப்பல் நெட்டுக்குத்தா மூழ்குறது இதெல்லாம் நாடகம். சில நேரம் ஹீரோவே மாறிடுவான். தரைப்போர்ல குண்டடி பட்டும் வாயில இருந்து எக்காளத்த எடுக்காம செத்த வீரன்னு ஷிராகாமி கென்ஜிரோ பேர்ல படம் எல்லாம் போட்டு வித்தாங்க, அப்புறம் பாத்தா அவர் இல்ல, கிகுச்சி கொஹெய் ங்கிறவர்னு சொல்லி பாடப் புத்தகத்துல பேர மாத்திட்டாங்க.

கியோச்சிகா கியோச்சிகான்னு சொல்றீங்களே, யார் அவர்?

கோபயாஷி கியோச்சிகா, 1847-ல எடோல, அதாவது இன்னைக்கு டோக்கியோல பொறந்தவர். ஷோகன் பக்கம் வேலை பாத்த குடும்பம். 1868-ல பேரரசர் படைக்கும் ஷோகன் படைக்கும் நடந்த சண்டைல தோத்த கட்சில நின்னவர். அதாவது எந்த மெய்ஜி அரசுக்காக பின்னாடி வெற்றிப் படம் போட்டாரோ அதே அரசுகிட்ட தோத்துப் போய் ஊர விட்டு போனவர். 1876-ல இருந்து அஞ்சு வருஷம் டோக்கியோ ராத்திரிகள போட்டார், கேஸ் லைட், மழைல பளபளக்கிற ரோடு, ரயில் எஞ்சின் நெருப்பு, தீ விபத்து. ஒளிக்கதிர் ஓவியம்ங்கிற அர்த்தத்துல கோசென்-கா ன்னு அதுக்கு பேரு.

அந்த வெளிச்சப் பைத்தியம் தான் கடற்போர்ல கைகொடுத்துச்சு. சர்ச் லைட் ஒரு கத்தி மாதிரி இருட்ட கிழிக்கும், தண்ணில ஆரஞ்சு நெருப்பு உடைஞ்சு உடைஞ்சு தெரியும். கலர் இப்படி படிப்படியா மங்குறதுக்கு பொகாஷி ன்னு பேரு, அச்சடிக்கிறவர் ஈரப் பலகைல சாயத்த துடைச்சு துடைச்சு கொண்டு வரணும், ஒவ்வொரு காப்பிக்கும் திரும்ப. அதனால ரெண்டு காப்பி ஒரே மாதிரி இருக்காது. பேர் ஓவியருக்கு, கை வலி அச்சடிச்சவருக்கு.

ரஷ்யா போர் படங்களும் இதே மாதிரியா?

கம்மி, எனக்கு சுவாரஸ்யமும் கம்மி. பத்து வருஷத்துல போட்டோ பேப்பர்லயே வர ஆரம்பிச்சிடுச்சு, 1900-ல தனியார் தபால் அட்டைக்கு அனுமதி குடுத்ததும் போஸ்ட்கார்டு காய்ச்சல் வேற. 1904 பிப்ரவரில கொரியாவோட செமுல்போ துறைமுகத்துல ரஷ்யாவோட வர்யாக் கப்பல், ஏப்ரல்ல ரஷ்ய அட்மிரல் மகாரோவ் கப்பலோட மூழ்கினது, மார்ச்ல ஜப்பான் கடற்படை அதிகாரி ஹிரோசே தகேயோ தன் ஆள் சுகினோவ தேடி மூழ்குற கப்பலுக்குள்ள திரும்ப திரும்ப போய் கடைசில குண்டடி பட்டு செத்தது, இதுக்கெல்லாம் படம் இருக்கு. ஹிரோசேவ போர்க் கடவுள்னே கும்பிட்டாங்க. ஆனா 1905 மே 27-28 சுஷிமா, ஜப்பான் வரலாற்றுலயே பெரிய கடல் வெற்றி, 117 பேர இழந்து ரஷ்யாவோட மொத்த படையையும் காலி பண்ணாங்க, அதுக்கு நம்ம நினைவுல நிக்கிறது பிரிண்ட் இல்ல, மிகாசா கப்பல் மேல்தளத்துல ஜப்பான் அட்மிரல் டோகோ நிக்கிற ஆயில் பெயின்டிங் தான். ஊடகம் மாறிடுச்சு.

இந்த டோகோ யாருன்னா, 1894 ஜூலை 25-ல போர் அறிவிக்கிறதுக்கு முன்னாடியே பிரிட்டிஷ் கொடியோட சீன வீரர்கள ஏத்திட்டு வந்த கௌஷிங் கப்பல மூழ்கடிச்ச நனிவாவோட கேப்டன்.

நம்ம ஊருக்கு இதுல ஏதாச்சும் தொடர்பு?

படத்துக்கு இல்ல, போருக்கு உண்டு. சுஷிமாவுல சாகப்போன அந்த ரஷ்யக் கப்பல் கூட்டம் பால்டிக் கடல்ல இருந்து உலகத்த சுத்தி வந்தப்போ 1905 ஏப்ரல்ல மலாக்கா ஜலசந்தி வழியா சிங்கப்பூர தாண்டி தான் போச்சு, கரைல இருந்து பாத்த கூட்டத்துல நம்மாளுங்க இல்லாமலா இருந்திருப்பாங்க. அப்போ சுதேசமித்திரன்ல வேலைல இருந்த பாரதி ஜப்பான் ஜெயிச்சத கொண்டாடி எழுதினவர். ஆசியாக்காரன் ஐரோப்பியன ஜெயிச்சுட்டான்ங்கிற சந்தோஷம். கொரியாக்காரனுக்கும் சீனாக்காரனுக்கும் அது எப்படி இருந்திருக்கும்ங்கிறது வேற கணக்கு.

ஒரிஜினல் வாங்கலாமா? ஏமாறாம இருக்க என்ன பண்ணணும்?

நான் ஏமாந்திருக்கேன், அதனால சொல்றேன். ஒரு ஆன்லைன் கடைல "1894 ஒரிஜினல்"னு போட்டிருந்தத ஆசைப்பட்டு வாங்கி, வந்ததும் லென்ஸ் வச்சு பாத்தா வானம் பூரா சின்னச் சின்ன கலர் புள்ளி. ஆஃப்செட் பிரிண்டிங், அதாவது இந்தக்கால மெஷின் அச்சு! மரக்கட்டைல புள்ளியே வராது, கலர் தட்டையா நாருக்குள்ள ஊறி இருக்கும். தாள திருப்பினா பின்பக்கமும் சாயம் இறங்கியிருக்கும், பாரென் தேய்ச்ச வட்டத் தடம் லேசா தெரியும். அனிலின் ங்கிற செயற்கைச் சாயத்துல வர்ற சிவப்பு, ஊதா எல்லாம் ஈரம் பட்டா பக்கத்துல கசியும், அப்படி கசிஞ்சிருந்தா கோவப்படாதீங்க, சந்தோஷப்படுங்க. ஓரத்துல தேதி, பதிப்பாளர் பேர், முகவரி இருக்கும். வருஷத்த மெய்ஜி பேரரசர் ஆட்சி வருஷமா போட்டிருப்பாங்க, மெய்ஜி 27 ன்னா 1894, 28 ன்னா 1895. அந்த ஓரத்த வெட்டிட்டு விக்கிறவங்க உண்டு, கேட்டு வாங்குங்க. மூணு தாள்ல ஒண்ணு மட்டும் தனியா வித்தா விலை கம்மியா இருக்கும், ஆனா வீட்ல மாட்டினா பாதி கப்பல் தான் தெரியும்.

வாங்க வேணாம் பாத்தா போதும்னா பாஸ்டன் நுண்கலை மியூசியம், செயின்ட் லூயிஸ் கலை மியூசியம், பிரிட்டிஷ் லைப்ரரி மூணுலயும் பெரிய தொகுப்பு இருக்கு, இணையத்துலயே பாத்துக்கலாம். போன்ல வேணாம், பெரிய ஸ்கிரீன்ல ஜூம் பண்ணி பாருங்க.

எந்த படத்துல இருந்து ஆரம்பிக்கட்டும்?

மியுரா படத்துல இருந்து. அத பாத்துட்டு உடனே அந்த தண்ணிக்கு அடியில இருக்கிற படத்துக்கு போங்க. ரெண்டும் ஒரே போர், ஒரே ஓவியர். ஒண்ணுல சாகுறவனுக்கு பேர் இருக்கு, கேள்வி இருக்கு, பதில் சொல்ல பக்கத்துல ஒருத்தர் இருக்கார். இன்னொண்ணுல நீலம் மட்டும் தான். ஜூம் பண்ணி அந்த நீலத்த பாருங்க, அலை மாதிரி தெரியிற கோடுகள்ல சிலது வரைஞ்சதே இல்ல, மரத்தோட ரேகை.